சிமென்ட் பால் எங்கே போகிறது? வெடிப்புப் பாறையில் போர் கேசிங்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

திருநெல்வேலிச் சீமையில் எண்ணெய்க் கிணறு கிடையாது. ஆனால் எண்ணெய்க் கிணற்றில் சிமென்ட் போடுகிறவர்களுக்கு உள்ள அதே தலைவலி இங்கே 7 இஞ்ச் போர்வெல்லுக்கும் உண்டு. மேல்மண் சரியாமல் இருக்கப் போருக்குள் இறக்கும் பைப்தான் கேசிங். சேற்றுத் தண்ணீர் அதன் வெளிப்பக்கமாகப் போருக்குள் இறங்காமல் இருக்க, கேசிங் பைப்புக்கும் துளைச் சுவருக்கும் நடுவில் இருக்கும் சந்தில் சிமென்ட் பால், அதாவது தண்ணீரில் கரைத்த சிமென்ட், ஊற்றுகிறோம். ஊற்ற ஊற்ற உள்ளே போகிறது, மேலே வந்து நிற்கவே மாட்டேன் என்கிறது. வளைகுடாவில் சிமென்டிங் யூனிட்டில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, இப்போது போர் வேலையில் இருக்கிறேன். அதனால் அங்கே கற்றதையும் இங்கே செய்வதையும் கலந்தே எழுதுகிறேன்.

பால் குறைந்தால் ரிக் வண்டிக்காரர் உடனே சொல்வது ஒன்றுதான்: "இன்னும் நாலு மூட்டை போடுங்க அண்ணாச்சி, நிரம்பிரும்." சில சமயம் நிரம்பவும் செய்யும். ஆனால் மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். பாலில் இருந்த தண்ணீர் மட்டும் பிரிந்து போனதா, இல்லை பாலே முழுசாகப் போனதா? எண்ணெய்க் கிணற்று வேலையில் இவை இரண்டும் தனித்தனி நோய், மருந்தும் தனித்தனி. தண்ணீர் மட்டும் போனால் பால் நடுவழியிலேயே கெட்டியாகி நின்றுவிடும். பாலே போனால் கெட்டியாகவே செய்யாது, ஓடிக்கொண்டே இருக்கும். முதல் நோய்க்கு இரண்டாவதின் மருந்தைக் கொடுத்தால் பால் இறக்குகிற ஓஸ் அடைக்கும். இரண்டாவது நோய்க்கு முதலாவதின் மருந்தைக் கொடுத்தால் காசு மண்ணுக்குள் போகும்.

முதலில் கணக்கு

9 இஞ்ச் துளையில் 180 மில்லிமீட்டர் வெளிவிட்டமுள்ள கேசிங் இறக்கினால், சந்துக்கு அடிக்கு ஏறக்குறைய 4.8 லிட்டர் பால் பிடிக்கும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் விட்டால் 41 லிட்டர் பால் கிடைக்கும். அதாவது மூட்டைக்கு எட்டரை அடி. 40 அடி கேசிங் என்றால் ஐந்து மூட்டை. துளை எங்கும் ஒரே அளவாக இருக்காது, மேல்மண் சரிந்து அகலமாகியிருக்கும். அதனால் கணக்குக்கு மேல் பாதி சேர்த்து ஏழரை, எட்டு மூட்டை வரை போகலாம். அதற்கு மேலும் பால் தலைகாட்டவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள்.

பாலின் எடையையும் பார்க்க வேண்டும். எண்ணெய்க் கிணற்றில் இதற்கென்று ஒரு தராசு உண்டு. நமக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் மளிகைக்கடைத் தராசும் போதும். 25 லிட்டர் கணக்கில் கலக்கிய பால், பாட்டில் எடை கழித்து லிட்டருக்கு 1.83 கிலோ இருக்க வேண்டும். 1.6 காட்டினால் கலக்கிய பையன் மூட்டைக்கு 40 லிட்டர் விட்டிருக்கிறான் என்று அர்த்தம். அந்தப் பால் இறங்குவதற்குச் சுகமாக இருக்கும், இறுகிய பிறகு நகத்தால் கீறினால் மாவாக வரும். ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால், எண்ணெய்க் கிணற்றுக்கென்று வரும் ஜி ரகச் சிமென்டுக்கு எடையில் 44 சதவீதம்தான் தண்ணீர். அந்தப் பால் லிட்டருக்கு 1.9 கிலோ நிற்கும்.

அறிகுறி 1: ஊற்ற ஊற்ற இறங்கிக்கொண்டே இருக்கிறது

பாதிக்குப் பாதி பேர் இங்கேதான் மாட்டுகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஊற்றுவதை நிறுத்திவிட்டு முதலில் கேசிங் வாயில் காதை வையுங்கள். பாறைக்குள் போகிற பால் சத்தம் போடாது. கேசிங்கின் அடி நுனி பாறையில் சரியாக உட்காராமல், அந்த இடைவெளி வழியாகப் பால் போருக்குள்ளேயே கொட்டினால் "சொத்து சொத்து" என்று கீழே தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்கும். வெயில் நேரமாக இருந்தால் முகம் பார்க்கும் கண்ணாடியைக் கையில் பிடித்து, வெயிலை நேராகக் குழிக்குள் அடியுங்கள். டார்ச்சை விட இது நன்றாகக் காட்டும். கேசிங் முடிகிற இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒழுகல் கோடு தெரிந்தால் சந்தேகமே இல்லை. வெடிப்பின் மேல் பழி போடுவதற்கு முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் காணாமல் போகும் பாலில் பெரும்பகுதி இப்படிப் போருக்குள் கொட்டியதுதான். கொட்டிய பால் கீழே உள்ள ஊற்றுக்கண்களையும் அடைத்துவிடும். இலட்சக்கணக்கில் செலவழித்துப் போர் போட்டு, சிமென்டை விட்டு அதை மூடுவது போல ஒரு வயிற்றெரிச்சல் கிடையாது.

அடி நுனியில்தான் ஒழுகுகிறது என்றால் பாலை நிறுத்தி, சாந்துக்குப் போக வேண்டும். ஒரு பங்கு சிமென்டுக்கு ஒரு பங்கு சலித்த மணல் கலந்து, கொஞ்சம் கெட்டியாக, இரண்டு மூன்று அடி உயரத்துக்கு மட்டும் இறக்கி இறுக விடுங்கள். சாதாரண சிமென்ட் முதல் இறுக்கம் பிடிக்க அரை மணிக்குக் குறையாது, முழுதாக இறுகப் பத்து மணி வரை ஆகலாம். அவசரப்படாமல் மறுநாள் காலையில் மீதிச் சந்தை நிரப்புங்கள். புதிதாகப் போர் போடுகிறவர்கள் இதை முன்னாலேயே தவிர்க்கலாம். கேசிங்கை நல்ல பாறைக்குள் இரண்டு மூன்று அடி இறக்கி உட்கார வைக்க வேண்டும். நுனிக்கு ஓரடி மேலே பழைய லாரி டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றி இறக்கலாம். அதைவிடச் சரியான முறை, மேல்மண்ணும் சிதைந்த பாறையும் தாண்டியதும் கேசிங் இறக்கி, சிமென்ட் போட்டு, ஒரு நாள் காத்திருந்து, அப்புறம் ஆறரை இஞ்ச் பிட்டை (பாறை துளைக்கும் முனையை) இறக்கிக் கீழே போவது. எண்ணெய்க் கிணற்றில் இப்படிக் காத்திருப்பது சட்டம் மாதிரி. இங்கே ரிக்காரருக்கு அடிக்கணக்கில் காசு, ராத்திரியோடு ராத்திரியாக அடுத்த ஊருக்குப் போயாக வேண்டும். அவரைக் குறை சொல்லவும் முடியாது. காத்திருப்புக்கு ஒரு நாள் வாடகை என்று முன்கூட்டியே பேசிவிடுவதுதான் வழி.

சத்தமும் இல்லை, ஒழுகலும் இல்லை, ஆனாலும் பால் இறங்குகிறது. சரி, இப்போதுதான் வெடிப்பு. சிமென்ட் துகளில் பெரும்பாலானது 0.09 மில்லிமீட்டர் சல்லடையிலேயே இறங்கிவிடும். கண்ணுக்குத் தெரிகிற எந்த வெடிப்பும் அதற்கு வாசல்தான். எத்தனை மூட்டை ஊற்றினாலும் பால் தானாக அடைத்துக்கொள்ளாது. வெடிப்பின் வாயில் குறுக்கே மாட்டிக்கொள்ள ஒரு பருமனான பொருள் வேண்டும். வெடிப்பின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது பருமன் இருந்தால்தான் அது மாட்டும். எண்ணெய் வயலில் இதற்கு அக்ரூட் ஓடு, மைக்கா, செலோபேன் துணுக்கு எல்லாம் போடுவார்கள். குடிநீர்ப் போரில் அழுகுகிற பொருள் எதுவும் வேண்டாம், தேங்காய் நாரும் வேண்டாம். எம்-சாண்டும் கால் இஞ்ச் சிப்ஸ் ஜல்லியும் போதும். சிப்ஸைக் கழுவி, கைப்பிடி கைப்பிடியாக, கேசிங்கைச் சுற்றி வட்டமாகத் தூவுங்கள். சட்டியோடு கவிழ்த்தால் பத்தடியிலேயே மாட்டிக்கொண்டு, கீழே வெற்றிடம் அப்படியே நிற்கும். கயிற்றில் ஒரு கம்பித் துண்டைக் கட்டி இறக்கி, ஜல்லி எத்தனையாவது அடியில் நிற்கிறது என்று அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். வெடிப்பு இருக்கும் ஆழத்துக்கு இரண்டடி மேல் வரை ஜல்லி வந்ததும், மணல் கலந்த பாலை அதன் மேல் மெல்ல விட்டு, இறுக விட்டு, மீதியை மறுநாள் பாருங்கள்.

வெடிப்பு எத்தனையாவது அடியில் என்று எப்படித் தெரியும்? போர் போடும்போதே ரிக் சொல்லிவிடும். புகை வந்துகொண்டிருந்தது திடீரென்று நின்றால், பாறையை அடித்துத் துளைக்கும் ஹேமர் ஒரு அரையடி பொத்தென்று விழுந்தால், தூள் மேலே வராமல் காற்று மட்டும் எங்கோ போனால், அந்த அடியைக் குறித்து வைக்க வேண்டும். நம் ஆட்கள் தண்ணீர் வந்த அடியை மட்டும்தான் குறிக்கிறார்கள்.

இன்னொன்று: பாலின் சொந்தப் பாரமே வெடிப்பை நோக்கித் தள்ளுகிறது. 40 அடி உயரப் பால், அடியில் சதுர சென்டிமீட்டருக்கு இரண்டே கால் கிலோ அழுத்தம் கொடுக்கும். பத்தடி உயரம் என்றால் அரைக் கிலோவுக்குச் சற்று மேல். ஆகவே வெடிப்புள்ள இடத்தில் ஒரே மூச்சில் நிரப்புவது, நாமே தள்ளிவிட்டு ஓடுகிறது என்று புலம்புவதுதான். எண்ணெய் வயலில் பாலுக்குள் நுரை ஏற்றியும், உள்ளீடற்ற நுண்மணிகளைக் கலந்தும் எடையைக் குறைப்பார்கள். நமக்குப் பத்துப் பத்தடியாகப் போடும் பொறுமைதான் அதற்கு ஈடு.

திசையன்விளை, ராதாபுரம் பக்கத்தில் எச்சரிக்கையாக இருங்கள். அங்கே கருங்கல் பாறை மட்டும் இல்லை, சுண்ணாம்புப் பாறையும் உண்டு. 2021 மழையில் ஆயன்குளம் படுகையில் ஒரு கிணறு வெள்ளத்தை நாள்கணக்கில் குடித்தும் நிரம்பவில்லை என்று நாடே வேடிக்கை பார்த்தது நினைவிருக்கும். சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து வந்து ஆராய்ந்தவர்கள், சுண்ணாம்புப் பாறை கரைந்து உண்டான பொந்துகள் வழியாகத் தண்ணீர் போகிறது என்று சொன்னார்கள். அப்படி ஒரு பொந்து உங்கள் கேசிங்கை ஒட்டி இருந்தால், நூறு மூட்டையும் அதற்குக் காலைப் பலகாரம். அங்கே சிமென்டால் நிரப்பப் பார்க்காதீர்கள். பொந்தைத் தாண்டிக் கீழே உள்ள கெட்டிப் பாறை வரை கேசிங்கை நீட்டி, அங்கே மட்டும் சாந்து போட்டு உட்கார வைத்து, பொந்து இருக்கும் உயரத்தை ஜல்லியால் நிரப்பி, அதற்கு மேல் தனியாக அடைக்க வேண்டும்.

அறிகுறி 2: கொஞ்ச தூரம் இறங்கியது, அப்புறம் ஓஸ் அடைத்துக்கொண்டது

இது தண்ணீர் மட்டும் போகிற நோய். இட்டமொழிப் பக்கம் தேரிச் செம்மணலிலும், வெயில் காலத்தில் வறண்ட சரளிலும் அதிகம். சோதித்துப் பார்க்க ஒரு வழி: போரிலிருந்து வந்த அந்தச் செம்மணலையே ஒரு வாளியில் அரை அளவு போட்டு, நடுவில் கையால் குழி பறித்து, ஒரு டம்ளர் பாலை ஊற்றுங்கள். ஊற்றிய உடனே ஓரத்தில் மணல் கருத்துப் போகும். ஐந்து நிமிடத்தில் பாலின் மினுமினுப்பு செத்துவிடும். விரலால் அமுக்கினால் தோசைமாவு போல இருந்தது இப்போது சப்பாத்தி மாவு. நிலத்துக்கு அடியிலும் இதேதான் நடக்கிறது. மணல் தண்ணீரை உறிஞ்ச, சுவரில் சிமென்ட் ஏடு படிந்து தடிக்க, இருக்கிற ஓரிஞ்சுச் சந்து அடைந்து, அதற்குக் கீழே காலி.

மருந்து எளிது. பால் ஊற்றுவதற்கு முன்னால் சந்துக்குள் தண்ணீர் விட்டு மண்ணின் தாகத்தைத் தீர்த்துவிடுங்கள். அப்புறம் பென்டோனைட் என்கிற களிமண் பொடி. எலக்ட்ரிக் கடையில் எர்த் பிட்டுக்கு விற்கிற அதே பொடிதான், ஆனால் உப்பும் ரசாயனமும் கலந்த எர்த்திங் கலவையை வாங்கிவிடாதீர்கள், வெறும் பென்டோனைட் என்று கேட்டு வாங்குங்கள். மூட்டைக்கு ஒரு கிலோ. அதைத் தண்ணீரில் முதலிலேயே கரைத்துச் சில மணி நேரம் ஊற வைத்து, அப்புறம் சிமென்டைக் கொட்டிக் கலக்க வேண்டும். கிலோவுக்கு ஐந்து, ஆறு லிட்டர் தண்ணீர் கூடுதலாகக் கேட்கும். பென்டோனைட் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், மணலுக்கு விடாது. அறிகுறி 1-க்கு இதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். அகலமான வெடிப்பில் பென்டோனைட் பாலும் அதே வழியில்தான் போகும்.

ஓஸைப் பற்றி ஒரு வார்த்தை. 9 இஞ்ச் துளையில் கேசிங் நடுவில் நின்றால் சுற்றிலும் 24 மில்லிமீட்டர்தான் இடம். அதனால் 20 மில்லிமீட்டர் வெளிவிட்டத்துக்கு மேல் ஓஸ் இறங்காது. அடிவரை இறக்கி, பால் ஏற ஏற ஓஸைத் தூக்கிக்கொண்டே வாருங்கள். மேலே நின்று சட்டியில் ஊற்றினால் காற்று மாட்டும், மண் சரிந்து கலக்கும்.

அறிகுறி 3: நேற்று வாய்வரை நின்றது, காலையில் கீழே இறங்கியிருக்கிறது

ஓரடி, ஒன்றரை அடி என்றால் பயப்பட ஒன்றுமில்லை. சிமென்ட் படிந்து தண்ணீர் மேலே தெளிந்ததுதான். தெளிந்த தண்ணீரை எடுத்துவிட்டு மேலே சாந்து நிரப்புங்கள். ஐந்தடி, பத்தடி என்றால் ராத்திரியில் மெல்ல ஒரு வெடிப்பு குடித்திருக்கிறது. கம்பி விட்டுத் தட்டிப் பார்த்து, கெட்டியாக இருந்தால் அதன் மேல் மறுபடி ஊற்றலாம். கூழாக இருந்தால் இன்னும் ஒரு நாள் பொறுங்கள்.

அறிகுறி 4: பக்கத்துக் கிணற்றில் சாம்பல் கலங்கல்

அந்த நிமிடமே நிறுத்துங்கள். இதுவும் முன்னாலேயே தெரிந்திருக்கும்: கம்ப்ரசர் ஓடும்போது பக்கத்துப் போரில் காற்றுக் குமிழி கிளம்பியிருந்தால் இரண்டுக்கும் வெடிப்புத் தொடர்பு உண்டு. அந்தக் கிணற்றுக்காரரிடம் மறைக்காமல் சொல்லி, குடிக்கவும் குளிக்கவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிமென்ட் பாலின் பி.எச். 12-க்கு மேல், அவ்வளவு கடுமையான காரம், தோல் வெந்துபோகும், கிணற்று மீன் செத்து மிதக்கும். தண்ணீர் தெளியும்வரை அவர் மோட்டாரை ஓட்டி இறைக்க வேண்டும். அந்தச் செலவு நம்முடையது.

அறிகுறி 5: சிமென்ட் போட்டாயிற்று, ஆனாலும் மழை பெய்தால் கலங்கல்

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி ஊரெல்லாம் கேட்டது. முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். போரைச் சுற்றி மேலே கட்டுகிற சிமென்ட் மேடை வேறு, சந்தில் போடுகிற அடைப்பு வேறு. உச்ச நீதிமன்றம் 2010-இல் கொடுத்த வழிகாட்டுதலில் உள்ள மேடை அரை மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், தரைக்கு மேலே 30 சென்டிமீட்டர், கீழே 30 சென்டிமீட்டர். அது வேண்டியதுதான். ஆனால் ஓரடிக்குக் கீழே வருகிற சேற்றுத் தண்ணீரை அது என்ன செய்யும்? "சிமென்ட் போட்டிருக்கு" என்று சொல்கிற வீடுகளில் பலதில் போட்டது இந்த மேடை மட்டும்தான்.

சந்திலும் போட்டது உறுதி என்றால், கலங்கல் எங்கிருந்து இறங்குகிறது என்று கண்ணாடி பிடித்துப் பாருங்கள். ஆழமாக இருந்தால் போர்வெல் கேமரா விடச் சொல்லுங்கள். மூன்று இடங்களில் ஒன்றாக இருக்கும்.

கேசிங் அடி நுனியில் ஒரு பக்கம் மட்டும் ஒழுகினால், கேசிங் நடுவில் நிற்காமல் ஒரு சுவரில் சாய்ந்திருக்கிறது. சாய்ந்த பக்கம் பால் நுழையாமல், அங்கே பழைய சேறு அப்படியே நின்று ஓடைபோல வழிவிட்டிருக்கிறது. எண்ணெய்க் கிணற்றிலும் சிமென்ட் தோற்பதற்கு இது முக்கியமான காரணம். அதற்காகவே பைப்பைச் சுற்றி வில் போன்ற இரும்புப் பட்டைகள் மாட்டி இறக்குவார்கள். நாம் பி.வி.சி. துண்டுகளை வெட்டி, மூன்று பக்கமும் ஒட்டி இறக்கினாலே போதும். ஆனால் அது அடுத்த போருக்கு. இந்தப் போருக்கு, மேலிருந்து ஓஸ் இறங்குகிற பக்கமாகப் பார்த்து மெல்லிய பென்டோனைட் பால் விட்டுப் பார்க்கலாம். பலிக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

பைப் இணைப்பில் ஒழுகினால், ஒட்டும்போது சொலூஷன் சரியாகத் தடவவில்லை.

மூன்றாவது, கேசிங்குக்குக் கீழே, திறந்த பாறையில் உள்ள வெடிப்பிலிருந்தே கலங்கல் கொட்டுவது. களக்காட்டு மலையடிவாரத்தில் இது சாதாரணம். உருண்டைக் கல்லும் மண்ணும் கலந்த அடுக்குக்குக் கீழேயும் பாறை வெகுதூரம் வெடித்தே கிடக்கும். இங்கே மேல் சந்தில் எவ்வளவு சிமென்ட் போட்டாலும் பயன் கிடையாது, தண்ணீர் வருகிற வழியே வேறு. ஆறரை இஞ்ச் துளைக்குள் 140 மில்லிமீட்டர் பைப்பை அந்த வெடிப்பைத் தாண்டி இறக்கி, அடியில் ரப்பர் சுற்றி, மேலே மெல்லிய பால் விட வேண்டும். எண்ணெய்க் கிணற்றில் லைனர் என்பார்கள். 4 இஞ்ச் நீர்மூழ்கி மோட்டார் அதற்குள் இறங்கும். முன்னதாக ஒன்றை யோசித்துவிடுங்கள்: அந்த வெடிப்புத்தான் உங்கள் போருக்குத் தண்ணீரும் கொடுக்கிறது என்றால், அதை மூடுவதா, மழை நாளில் மட்டும் இரண்டு நாள் கலங்கலைப் பொறுப்பதா என்பது வீட்டுக்காரர் முடிவு. தோட்டத்துக்கு மட்டும் என்றால் நான் மூடச் சொல்ல மாட்டேன். குடிக்க என்றால் மூடித்தான் ஆக வேண்டும்.

அறிகுறி 6: மோட்டார் இறங்கவில்லை, கேசிங் நெளிந்திருக்கிறது

வெளியே பாலின் அழுத்தம், உள்ளே வெற்றுப் பைப், கூடவே சிமென்ட் இறுகும்போது கிளம்பும் சூடு. துளை சரிந்து அகலமான இடத்தில் சிமென்ட் மொத்தமாகச் சேர்ந்து, சூடும் அதிகமாகும். மலிவான மெல்லிய பைப் என்றால் கேட்கவே வேண்டாம். கீழே துளை போடுவதற்கு முன்னாலேயே சிமென்ட் போடுவதானால் கேசிங்குக்குள் தண்ணீர் நிரப்பிவைத்தால் அழுத்தம் பாதியை விடக் குறைந்துவிடும், சூடும் தணியும். நெளிந்த பைப்பை நிமிர்த்த வழி கிடையாது. சின்ன மோட்டார் நுழைந்தால் லாபம்.

அறிகுறி 7: தண்ணீர் வழவழவென்று, சுண்ணாம்பு ருசி

புதிதாகச் சிமென்ட் போட்ட போரில் முதல் சில நாள் இப்படி இருக்கும். இறைத்து வெளியே விடுங்கள், செடிக்கு விட வேண்டாம். நாளாக ஆகக் குறைந்தால் சரி. குறையாமல், போரில் ஊறுகிற தண்ணீரும் முன்னைவிடக் குறைந்திருந்தால் பால் போருக்குள் இறங்கியிருக்கிறது, அறிகுறி 1-இன் முதல் பகுதிக்குத் திரும்புங்கள். ரிக் இன்னும் பக்கத்து ஊரில் இருந்தால், சிமென்ட் முற்றி இறுகுவதற்குள் கூப்பிட்டுக் கம்ப்ரசர் விட்டு அடித்துக் கழுவச் சொல்லலாம். இறுகிவிட்டால் மறுபடி பிட் இறக்கித்தான் சுரண்ட வேண்டும். தெளிந்த பிறகு பிளீச்சிங் பவுடர் போட்டு, ஒரு நாள் விட்டு இறைத்து, குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒரு பாட்டில் கொடுத்துப் பார்த்துவிட்டுக் குடியுங்கள்.